நீண்ட விழியும் குறுகிய பார்வையும்

எமது கல்லூரியில் நாம் பயின்ற காலத்திலே, வகுப்பொன்றுக்கு இருவர் மூவரேனும் தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்திருப்பர். அவர்களுக்குச் 'சோடாப்போத்தல்' என்னும் பட்டப்பெயர் தவறாது கிடைக்கும். முன்வாங்கில் இருந்தும் கரும்பலகையைக் கண்களை இடுக்கியே நோக்குவர். துடுப்பாட்டத்திலே பந்து தம்மைக் கடந்த பின்னரே அதனைக் காண்பர். பரீட்சைப் பெறுபேறு வரும்போது மட்டும் முன்னிற்பர். அக்கூட்டத்தில் நாமும் சேர்ந்திருந்தோம்.

'கண்ணாடி போட்டுவிட்டாற் சரி' என்பதே அந்நாளில் எமது வீட்டார் முடிபும் எமது முடிபுமாயிருந்தது. கண்ணாடி போட்டோம், எழுத்துத் தெளிந்தது, கவலையும் ஒழிந்தது. ஆயின், கடுமையான குறும்பார்வை கண்ணாடியோடு முடிந்துவிடும் ஒரு குறையன்று. அது கண்ணின் உருவத்தையே மாற்றுவது. அம்மாற்றம் வளர்ந்தோரிடத்தும் தொடர்ந்து நிகழ்வது. நாற்பதையும் ஐம்பதையும் கடந்த பழைய மாணவர் பலர் இவ்விழா மலரைக் கையில் எடுப்பராகலின், அவருள் தடித்த கண்ணாடி அணிந்தோர் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை ஈண்டுத் தொகுத்துக் கூற விழைகின்றோம்.

கண்ணின் அமைப்பு

கண்கோளத்தை மூன்று உறைகளால் அமைந்த ஓர் உருண்டை எனலாம். வெளியுறை வன்கோது. அது வெண்ணிறமும் உறுதியும் வாய்ந்தது. முன்புறத்தில் ஒளிபுகும் விழிவெண்படலமாக மாறுவது. நடுவுறை தோலுரு. அது குருதிக்கலன்கள் நிறைந்தது. உள்ளுறை விழித்திரை. ஒளியை உணரும் கலங்கள் இதன்கண்ணேயே உள. விழித்திரையின் நடுவில் மஞ்சட் பொட்டு என்னும் சிற்றிடம் உளது. வாசிப்பதும், முகம் அறிவதும், ஊசியில் நூல் கோப்பதும் இச்சிற்றிடத்தின் துணைகொண்டே. உருண்டையின் உள்ளே நிறைந்திருப்பது கண்ணாடியுடனீர் என்னும் கூழ்ப்பொருள்.

பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் நீளமுடையது. வளர்ந்தோர் கண் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். கண் வளருங்கால், விழிவெண்படலமும் வில்லையும் ஒளியைக் குவிக்கும் தூரமும் கண்ணின் நீளமும் ஒன்றோடொன்று பொருந்தி வருதல் வேண்டும். நீளம் மிகுந்துவிடின், தூரப்பொருளின் விம்பம் விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். அதுவே குறும்பார்வை. கண் ஒரு மில்லிமீற்றர் மிகுதியாக நீளின், ஏறத்தாழ 2.5 முதல் 3 டயொப்டர் வரையான குறும்பார்வை உண்டாகும். ஒரு நெல்லின் தடிப்பளவும் இல்லாத வேறுபாடு ஒருவரைக் கரும்பலகையினின்றும் பிரித்துவிடுகின்றது.

குறும்பார்வை 6 டயொப்டரை எட்டின் அதனைக் கடுங் குறும்பார்வை என வைத்தியர் வகுப்பர். அத்தகைய கண்களின் நீளம் பெரும்பாலும் 26 மில்லிமீற்றருக்கு மேற்பட்டிருக்கும். 30 மில்லிமீற்றரைக் கடந்த கண்களும் உள. தம் நிலையை ஒருவர் தாமே அண்ணளவாக அறிந்துகொள்ளலாம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, அச்செழுத்தை மற்றக் கண்ணருகே பிடித்து மெல்ல அகற்றுக. எழுத்துத் தெளிவாகத் தெரியும் மிகக் கூடிய தூரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து, 100 ஐ அதனால் வகுக்க. பத்துச் சென்ரிமீற்றரில் தெளிவு மறையின் குறும்பார்வை ஏறத்தாழ 10 டயொப்டர். பதினாறு பதினேழு சென்ரிமீற்றருக்கு உட்படின் அவர் கடுங் குறும்பார்வையினரே.

அறிந்து வந்த வரலாறு

விம்பம் விழித்திரையிலே விழுகின்றது என்பதையும், குழிவுவில்லை குறும்பார்வையினர்க்கு உதவும் முறையையும் 1604 இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியவர் வானநூலறிஞர் கெப்பிளர். ஆயினும் கண் நீளுகின்றது என்பதைக் கண்ணாற் கண்டவர் அவரல்லர். இத்தாலிய உடற்கூற்று அறிஞர் ஸ்கார்ப்பா, இறந்த பெண்கள் இருவரின் கண்களிலே பின்புறம் வெளிப்பிதுங்கியிருந்ததை 1801 இல் விவரித்தார். எனினும் அதற்கும் குறும்பார்வைக்கும் உள்ள தொடர்பை அவர் உணர்ந்தாரல்லர். அத்தொடர்பை 1850களிற் பிரேத ஆராய்ச்சியால் நிலைநாட்டியவர் ஒஸ்திரியக் கண்வைத்தியர் ஆர்ல்ற். அதற்குச் சில ஆண்டு முன்னர், 1851 இலே, ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை வெளியிட்டார். உயிருள்ளவரின் விழித்திரையை அதன் பின்னரே வைத்தியர் நேரிற் கண்டனர். 1991 இல் அறிமுகமான ஒளியலைப் படக்கருவியோ விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகவே காட்டிவிடுகின்றது. முன்னாளிற் பிரேதத்தில் மட்டும் காணக்கூடியதாயிருந்ததை இன்று சில நொடியில், ஊசியும் கத்தியுமின்றி, காண முடிகின்றது.

படலங்கள் மெலிதல்

ஒரு பலூனை ஊதுகின்றோம். பலூன் பெரிதாகின்றது, ஆயின் இறப்பர் கூடுவதில்லை. பெரிதாகுந்தோறும் அது மெலிகின்றது. கடுங் குறும்பார்வைக் கண்ணிலே நிகழ்வதும் இத்தகையதே. கண் நீள, மூன்று உறைகளும் இழுபட்டு மெலிகின்றன.

வன்கோது பின்முனையில் இயல்பாக ஒரு மில்லிமீற்றரளவு தடிப்புடையது. நீண்ட கண்ணில் அது பாதியளவுக்கும் குறைந்துவிடுதல் உண்டு. மெலிந்த சுவர் ஓரிடத்தில் இடங்கொடுக்க, அவ்விடம் சுற்றுப்புறத்தினும் கூடிய வளைவோடு வெளியே பிதுங்குகின்றது. இதுவே பின்புறப் புடைப்பு. மேனாட்டார் இதற்கு முந்திரிகைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்ட பெயரை இட்டுள்ளனர். இப்புடைப்புகளை அவை அமைந்த இடத்தையும் வடிவத்தையும் கொண்டு பத்து வகையாக 1977 இல் வகுத்தார் அமெரிக்க வைத்தியர் கேற்றின். புடைப்பு இளமையில் அருகியே காணப்படும். வயது ஏற ஏற மிகுந்து காணப்படும். கண்ணாடியின் இலக்கம் பல்லாண்டு மாறாதிருப்பினும் உள்ளே மாற்றம் நிகழலாம் என்பதற்கு இஃதொரு சான்று.

தோலுரு மெலிவது இதனினும் பெருங்கேடு. மஞ்சட் பொட்டின் நடுக்குழியிலே விழித்திரைக்கெனக் குருதிக்கலன்கள் இல்லை. ஒளியுணரும் கலங்கள் அங்கே தோலுருவையே நம்பி உயிர்வாழ்கின்றன. சுகமான கண்ணில் அவ்விடத்துத் தோலுரு ஏறத்தாழ 250 முதல் 300 மைக்கிரோன் தடிப்புடையது. கடுங் குறும்பார்வையில் அது 100 மைக்கிரோனுக்கும் குறையும். சிலரிடத்து 50 இற்கும் கீழே செல்லும். வாய்க்கால் வற்றினால் வயல் வாடுதல் போல, தோலுரு மெலிய அதன் மேலிருக்கும் விழித்திரை வாடுகின்றது.

இவ்வாட்டத்தை வைத்தியர் 2015 இல் ஒரு பொது ஒழுங்காகப் படிநிலைப்படுத்தினர். முதற்படியில் தோலுருவின் பெருங்குருதிக்கலன்கள் புலித்தோல் வரிபோல வெளித்தோன்றும். இதனாற் பார்வை கெடுவதில்லை. இரண்டாவது படியில் விழித்திரையின் பின்புறம் மஞ்சள் கலந்து வெளிறிப் பரவலாக மெலியும். மூன்றாவது படியில் வெண்திட்டுகள் தோன்றும். அவ்விடங்களிற் பார்வை அற்றுப்போம். நான்காவது படியில் மஞ்சட் பொட்டின் நடுவே தேய்ந்தொழியும். இரண்டாம் படியும் அதற்கு மேற்பட்டனவும் நோய்க் குறும்பார்வை எனப்படும். பின்புறப் புடைப்பு உள்ள கண்ணையும் அவ்வகையிலேயே சேர்ப்பர். எல்லாரும் எல்லாப் படிகளையும் ஏறுவர் என அஞ்சவேண்டியதில்லை. முதற்படியிலேயே வாழ்நாள் முழுதும் நிற்போர் பலர்.

எனினும் இதனை அரிதென்று தள்ளவும் இயலாது. அவுஸ்திரேலியாவிலே சிட்னிக்கு அண்மையிலுள்ள நீலமலைப் பகுதியில், 49 வயதும் அதற்கு மேலும் உடையோரிடை நிகழ்ந்த ஆய்வு 2002 இல் வெளிவந்தது. 5 டயொப்டருக்குக் குறைந்த குறும்பார்வைக் கண்களில் நூற்றுக்கு ஒன்றிலுங்கூட இத்தகைய விழித்திரைக் கேடு காணப்படவில்லை. அதற்கு மேற்பட்ட கண்களிலோ ஏறத்தாழ நான்கில் ஒன்றிற் காணப்பட்டது. யப்பானின் தஜிமி நகரில் 2000-2001 இல் 40 வயதைக் கடந்தோரைச் சோதித்தபோது, ஒரு கண் பார்வையிழத்தற்கு முதற்காரணமாய் இருந்தது கடுங் குறும்பார்வையால் மஞ்சட் பொட்டுக்கு நேர்ந்த சிதைவே.

வெடிப்பும் குருதிக் கசிவும்

விழித்திரைக்கும் தோலுருவுக்கும் இடையில் ஒரு மெல்லிய மென்றகடு உளது. கண் நீளும்போது இது இழுவை தாங்காது வெடிப்பதுண்டு. பழைய அரக்குப் பூச்சிலே தோன்றும் வெடிப்புப் போல மஞ்சட் கோடுகளாக அவை தோன்றும். அதனால் அரக்கு வெடிப்பு என்றே பெயர் பெற்றன. அவ்வெடிப்பினூடாகத் தோலுருவிலிருந்து புதிய குருதிக்கலன்கள் விழித்திரைக்குள் முளைத்தெழலாம். புதிதாய் முளைத்தவை உறுதியற்றவை; கசிவன, குருதி சிந்துவன. நோய்க் குறும்பார்வை உடையோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 11 பேர்வரை இதற்கு உள்ளாவர். இது தாக்குவோருள் உழைக்கும் வயதினரும் பலராவர்.

இதன் குறி யாது? நேர்க்கோடு வளைந்து தோன்றும். கதவு நிலை நெளிந்து தெரியும். வாசிக்கும் வரியின் நடுவில் ஓர் எழுத்து மங்கும். மறு கண் சுகமாயிருப்பின், இரு கண்ணும் திறந்திருக்கையில் இது எளிதிற் புலப்படாது. ஆதலால் ஒவ்வொரு கண்ணாகச் சோதித்தல் இன்றியமையாதது. சுவிற்சலாந்துக் கண்வைத்தியர் ஆம்சிலர் இதற்கென ஒரு சதுரக்கோட்டுத் தாளை அமைத்தார். பிள்ளைகளின் சதுரக்கோடிட்ட கணிதக் கொப்பித் தாளில் நடுவே ஒரு புள்ளியிட்டாலும் வீட்டுச் சோதனைக்குப் போதியதாகும். வாசிப்புக் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடிப் புள்ளியை நோக்குக. கோடுகள் வளைந்தோ மறைந்தோ தோன்றின் அன்றே வைத்தியரை நாடுக.

விரைவு எத்துணை வேண்டற்பாலது என்பதற்கு ஒரு கணக்கு. சிகிச்சை பெறாத இத்தகைய கண்களைத் தொடர்ந்து நோக்கிய யப்பானிய ஆய்வொன்று 2003 இல் வெளிவந்தது. அதில் நோக்கியவை 27 கண்களே. எனினும், ஐந்தாண்டு கழிய அவற்றுட் பத்தில் ஒன்பது 6/60 அல்லது அதனிலும் தாழ்ந்த பார்வைக்கு வந்துவிட்டன. இன்றோ புதுக் குருதிக்கலன் முளைத்தலைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் உள. அவற்றைக் கண்ணினுள் நுண்ணூசியாற் செலுத்துவர். சில ஊசிகளோடு பார்வை நிலைபெறுதலும், பலரிடத்துச் சிறிது மேம்படுதலும் உண்டு. காலந்தாழ்த்தித் தழும்பு விழுந்துவிடின் மருந்தாற் பயனில்லை.

விழித்திரை கழலல்

மஞ்சட் பொட்டு நடுப்பார்வையின் இடம். விழித்திரையின் ஓரத்துக்கு வருவோம். பானையின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய தாள்போல விழித்திரை அமைந்துள்ளது. நீண்ட கண்ணில் அதன் ஓரங்கள் மெலிந்து வலைப்பின்னல்போலச் சிதைவதுண்டு. கண்ணாடியுடனீரும் ஏனையோரினும் ஏறத்தாழப் பத்தாண்டு முந்தியே நீர்த்துச் சுருங்கி விழித்திரையிலிருந்து விலகும். விலகும்போது மெலிந்த இடத்தைப் பற்றியிழுப்பின் கிழிவு உண்டாகும். கிழிவினூடாக நீர் புகுந்தால், ஈரம் புகுந்த சுவர்த்தாள்போல விழித்திரை கழன்றுவிடும்.

இதனை எழுதும்போது எமது வாங்கிலே எம்மருகிருந்த நண்பரை நினையாதிருக்க இயலவில்லை. எமது கண்ணாடியினும் அவர் கண்ணாடி தடித்தது. நாற்பது வயதளவில் விழிவெண்படலத்தை லேசர்க் கதிராற் செதுக்குவித்துக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். பழைய மாணவர் விருந்திலே, 'இனி என்னைச் சோடாப்போத்தல் என்பவர் எவர்?' என அவர் கேட்டபோது அனைவரும் கைதட்டினோம். எமக்குச் சிறிது பொறாமையும் இருந்தது. அதன்பின் அவர் கண்வைத்தியரிடம் சென்றதில்லை. கண் சுகமாகிவிட்டது என்றே நம்பினார். ஐம்பத்தெட்டாம் வயதில் ஓரிரவு கண்ணோரத்தில் மின்னல் வெட்டுதல்போல ஒளி தோன்றிற்று. மறுநாட் கறையான் கூட்டம்போற் கரும்புள்ளிகள் மிதந்தன. நோவு இல்லை, சிவப்பு இல்லை. 'தூக்கக் குறை' என விட்டுவிட்டார். ஐந்தாம் நாள் மூக்கோரமாக ஒரு நிழல் திரைபோல எழுந்தது. மகளின் திருமண வேலை முடியட்டும் என மேலும் ஒரு கிழமை பொறுத்தார். வைத்தியசாலைக்குச் சென்றபோது மஞ்சட் பொட்டும் கழன்றிருந்தது. சத்திரசிகிச்சையால் விழித்திரையை மீள ஒட்டினர். எனினும் அக்கண்ணால் அவர் இன்றும் வாசிப்பதில்லை.

பிழை அவரிடத்து மட்டுமன்று. கைதட்டிய எம்மிடத்தும் உண்டு. லேசர்க் கதிர் கண்ணின் முன்புறத்தையே செதுக்குகின்றது. பின்புறத்து நீளம் ஒரு மில்லிமீற்றர்தானும் குறைவதில்லை. கண்புரைச் சத்திரசிகிச்சையால் புதுவில்லை பெற்றோர்க்கும் இஃது ஒக்கும். கண்ணாடி போயிற்று, நீண்ட கண் போகவில்லை. இதனை நாம் அன்று அறிந்திருப்பின் அவருக்குச் சொல்லியிருப்போம்.

1920களுக்கு முன்னர் விழித்திரை கழலல் பெரும்பாலும் தீராத நோயாகவே இருந்தது. கிழிவைக் கண்டறிந்து மூடினால் விழித்திரை மீள ஒட்டும் என்பதைச் சுவிற்சலாந்தின் லோசான் நகர வைத்தியர் கொனின் நிலைநாட்டினார். அவர் வகுத்த விதியே இன்றும் ஆட்சி செய்கின்றது. கிழிவு மட்டும் இருக்கும் நிலையிற் சென்றால் லேசர்க் கதிராற் சுற்றிவரச் சுட்டு வேலியிடுதலே போதும். அன்றே வீடு திரும்பலாம். கழன்ற பின்னரோ பெருஞ் சத்திரசிகிச்சை வேண்டும். மஞ்சட் பொட்டுக் கழலுமுன் ஒட்டின் நடுப்பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். ஆகவே இங்கே பார்வைக்கும் பார்வையிழப்புக்கும் இடையில் நிற்பது சில நாட்களே.

நரம்பும் வில்லையும்

ஏனையவற்றைச் சுருங்கக் கூறுவோம். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடம், கண் நீள, சாய்ந்து நீள்வட்டமாகின்றது. அங்குள்ள நரம்பிழைகள் இழுவைக்கு உள்ளாகின்றன. கண்ணழுத்த நோய் குறும்பார்வையினரிடத்து ஏனையோரினும் இருமடங்கு மும்மடங்காகக் காணப்படுதலை முற்கூறிய நீலமலை ஆய்வு 1999 இலேயே காட்டிற்று. நரம்பின் வடிவம் முன்னமே மாறியிருத்தலின் நோயைப் பிரித்தறிதல் தேர்ந்த வைத்தியர்க்கும் அரிதாகும். வில்லையில் கண்புரையும் சற்று முந்தியே தோன்றும். கண்ணாடி இலக்கம் நடுவயதிலே திடீரென ஏறுதல் அதன் குறியாகலாம். மஞ்சட் பொட்டிலே விழித்திரை அடுக்குகள் இழுவையாற் பிளவுறுதலும் நடுவே துளை விழுதலும் சிலர்க்கு நேரும். அவற்றைப் படக்கருவியே காட்டும்.

செய்யத்தக்கன

நீண்ட கண்ணைக் குறுக்கும் மருந்து இன்னும் இல்லை. கண்ணப்பியாசமோ கீரையோ கரட்டோ அதனைச் செய்யா. செய்யத்தக்கன வேறு.

முதலாவது, கடுங் குறும்பார்வை உடையோர் ஆண்டுக்கொருமுறையேனும் கண்மணியை மருந்தால் விரித்து விழித்திரையை ஓரம்வரை சோதிப்பித்தல் வேண்டும். கண்ணாடிக் கடையில் இலக்கம் பார்ப்பது இதுவாகாது. மருந்திட்ட கண் சில மணிநேரம் மங்குமாகலின் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்க. இரண்டாவது, கண்ணழுத்தத்தை அளப்பித்தல் வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே வீட்டிற் சோதித்தல் வேண்டும். நான்காவது, கண்ணில் அடிபடாது காத்தல் வேண்டும். ஐந்தாவதே தலையாயது: புதிதாய் ஒளி வெட்டல், கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகல், நிழற்றிரை எழல், நேர்க்கோடு வளைதல் ஆகிய நான்கில் ஒன்று தோன்றினும், நோவில்லை என்று பொறுத்திராது அன்றே செல்க. விழித்திரைக்கு நோவுணர்ச்சி இல்லை. அது கூக்குரலிட்டு அழைக்காது.

இளைஞர்க்கு ஒரு சொல்

அரிக்கன் லாம்பு வெளிச்சத்திற் படித்தமையாலேதான் கண் கெட்டது என எமது தாயார் இறுதிவரை வருந்தினார். தாய்தந்தையர்வழி வரும் தன்மையும், இடையறாது அண்மையில் வைத்து வாசித்தலும், பகலொளியிற் போதிய நேரம் உலாவாமையுமே இன்று முதன்மையான காரணங்களாகக் கொள்ளப்படுகின்றன. சீனத்தின் குவாங்சோ நகரில் 12 பாடசாலைகளைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வொன்று 2015 இல் வெளிவந்தது. அதில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளுள் ஒரு சாராரை நாடோறும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியே விட்டனர். மூன்றாண்டு முடிவில் அவர்களுட் புதிதாகக் குறும்பார்வையுற்றோர் நூற்றுக்கு 30.4; வெளியே விடப்படாதோருள் 39.5. தாய்வான் நாடு 2010 தொடக்கம் நாளுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் விடும் திட்டத்தை நடத்திவருகின்றது. 2050 அளவில் உலகில் இருவருள் ஒருவர் குறும்பார்வையினராகவும், பத்தில் ஒருவர் கடுங் குறும்பார்வையினராகவும் இருப்பர் என 2016 இல் வெளிவந்த மதிப்பீடொன்று கூறுகின்றது. இளமையிற் குறையும் ஒவ்வொரு டயொப்டரும் முதுமையில் விழித்திரைக்கு ஒரு காப்பாகும்.

இவற்றை நோக்கும்போது கல்லூரி மைதானம் எம் நினைவுக்கு வருகின்றது. பிற்பகல் மூன்றரை மணிக்கு ஏனையோர் அங்கே ஓடும்போது, நாமும் எம் நண்பரும் நூலகத்துக்குச் செல்வோம். அதனைப் பெருமையாகவும் கொண்டோம். இன்றைய மாணவரோ பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்கும், அங்கிருந்து கைத்தொலைபேசித் திரைக்கும் செல்கின்றனர். அவர்தம் பெற்றோராயும் பாட்டன்மாராயும் உள்ள பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் இரண்டு. பிள்ளைகளை மாலை வெயிலில் மைதானத்துக்கு அனுப்புங்கள். நீங்கள் தடித்த கண்ணாடி அணிந்தவராயின், அல்லது முன்னர் அணிந்து கழற்றியவராயின், இவ்விழாக் கொண்டாட்டம் முடிந்த கிழமையே கண்வைத்தியரிடம் செல்லுங்கள்.

அடுத்த விருந்திலே எம் நண்பர் எம்மருகில் அமர்வார். வந்தோர் பெயர்ப் பட்டியலை அவருக்கு நாம் வாசித்துக் காட்டுவோம். அவ்வாறு வாசித்துக் காட்ட வேண்டிய தேவை வேறெவர்க்கும் நேராதிருக்கவே இதனை எழுதினோம்.